ஓ2 போட்டதும் உடையும் டெஸ்ட் நிரல்: கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸின் எபேனில் நான் வேலை பார்க்கும் சிறிய பட்டறையில் கரும்புத் தோட்டங்களுக்கான ஒரு கருவி செய்கிறோம். மழையளவு, மண்ணின் ஈரம் இரண்டையும் குறித்துவைத்து இரவில் ஒருமுறை அனுப்பிவிடும். உள்ளே கோர்டெக்ஸ்-எம்4 (சுருக்கமாக எம்4) என்ற ஆர்ம் வகைச் சிப் ஒன்று, அதற்கு வெளியே எஸ்ரேம் என்ற நினைவகச் சிப் ஒன்று. பலகையில் சால்டர் வேலை முடிந்ததும் முதலில் ஓடுவது அந்த எஸ்ரேமுக்கான சோதனைதான். ஒருமுறை அந்தச் சோதனையில் பாஸ் ஆன பலகை, ஃப்ளாக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வைத்த மறுநாளே குப்பைத் தகவலை அனுப்பத் தொடங்கியது. கழற்றிக் கொண்டுவந்து பார்த்தால் எஸ்ரேமின் டேட்டா கால் ஒன்று சால்டரே படாமல் அந்தரத்தில் நிற்கிறது. இதைப் பிடிக்கத்தான் அந்தச் சோதனையையே எழுதியிருந்தோம்.

நாம் எழுதும் சி நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக்குவது கம்பைலர்; நிரலை வேகமாக்க அது செய்யும் மாற்றங்கள்தான் ஆப்டிமைசேஷன். ஓ0 என்றால் அது ஏறக்குறைய இல்லை, ஓ2 என்றால் நிறைய. அதே சோதனையை ஓ0-வில் கம்பைல் செய்து ஓட்டினால் உடனே ஃபெயில். ஓ2-வில் பாஸ். மதுரையிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்த தம்பி ஒருவன், "அண்ணா, கம்பைலர்ல பக் இருக்கு" என்றான். பட்டறையில் பேச்சு கிரியோலில், சிப் ஆவணங்கள் ஆங்கிலத்தில், நாங்கள் இருவர் மட்டும் தமிழில். அன்று மத்தியானம் டோல் பூரியைச் சாப்பிட்டுக்கொண்டே அவனுக்கு விளக்கத் தொடங்கியது மூன்று நாள் நீண்டது. அதை ஒழுங்குபடுத்தி எழுதியதுதான் இது. கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

கம்பைலர் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது?

ஒரு பையனிடம், "கடைக்குப் போய் வெங்காயம் என்ன விலை என்று கேட்டு வா" என்கிறீர்கள். வந்து சொல்கிறான். "மறுபடி போய்க் கேட்டு வா" என்கிறீர்கள். கெட்டிக்காரப் பையன் நின்ற இடத்திலேயே முதலில் சொன்ன விலையைத் திருப்பிச் சொல்வான். இடையில் விலை மாறும் என்று நீங்கள் அவனிடம் சொல்லவில்லையே. சி மொழியின் விதியும் இதுதான். நிரலின் வெளியே தெரியும் நடத்தை மாறாதவரை, உள்ளே எந்த வேலையையும் விடலாம், இடம் மாற்றலாம், சேர்த்துவிடலாம். வெளியே தெரியும் நடத்தை என்பது என்ன? கோப்பில் எழுதுவது, திரையில் காட்டுவது, வொலடைல் ("சொல்லாமலே மாறும், ஒவ்வொரு முறையும் நேரில் போய்ப் பார்") என்று அறிவித்த பொருளைத் தொடுவது. ஏறக்குறைய அவ்வளவுதான். நினைவகத்தில் எழுதியதைத் திரும்பப் படிப்பது அதில் சேராது. நேரம் எடுத்துக்கொள்வது சேராது. பாயிண்டர் என்பது ஒரு முகவரியை வைத்திருக்கும் மாறி; எதையும் சுட்டாத நல் பாயிண்டரைத் தொட்டால் பிழை எழ வேண்டும் என்பதும் சேராது.

கீழ்மட்டச் சோதனைகள் பெரும்பாலும் இந்தச் "சேராத" விஷயங்களையே நம்பி எழுதப்படுகின்றன. சாதாரண நிரல் ஓ2-வில் உடைவது அபூர்வம், டெஸ்ட் நிரல் அடிக்கடி உடைவது இதனால்தான்.

எங்கள் எஸ்ரேம் சோதனை ஒவ்வொரு முகவரியிலும் ஹெக்ஸ் 55555555 எழுதி, படித்து, ஒப்பிட்டது. பிறகு அதன் தலைகீழ் பிட்டுகளை எழுதி, படித்து, ஒப்பிட்டது. கம்பைலர் இப்படி யோசித்தது: இப்போதுதான் எழுதினாய், அதே மதிப்புதான் இருக்கும், படிக்கத் தேவையில்லை. ஒப்பீடு எப்போதும் சமம், அதையும் விடலாம். முதலில் எழுதியதை யாரும் படிக்கவில்லை, அதன் மேலேயே இரண்டாவதை எழுதுகிறாய், ஆகவே முதலாவதும் வீண். மிஞ்சியது, ஒரே பைட்டை வரிசையாக எழுதும் ஒரு லூப். அதற்குத்தான் மெம்செட் இருக்கிறதே! முழுச் சோதனையும் ஒரு மெம்செட் அழைப்பாகவும், "எல்லாம் சரி" என்ற விடையாகவும் சுருங்கிப்போனது.

ஃபெயில் ஆகும் டெஸ்ட் தொல்லைதான், ஆனால் அது தானாகவே கண்ணில் படும். காணாமல் போய்ப் பாஸ் ஆகும் டெஸ்ட் படாது. ஆகவே ஓ2 போட்டதும் இரண்டு டெஸ்ட் உடைந்தால், உடைந்த இரண்டைத் திருத்தியதோடு நிறுத்தாதீர்கள். உடையாத மற்றவற்றில் எது காணாமல் போயிருக்கிறது என்றும் பாருங்கள்.

முதல் படி: ஓ0-வுக்கு ஓடிப்போகாதீர்கள்

டெஸ்ட்டை மட்டும் ஓ0-வில் கம்பைல் செய்துவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. எங்களுக்கும் தோன்றியது. விற்கப்போகும் மென்பொருள் ஓ2-வில், சோதித்த மென்பொருள் ஓ0-வில் என்றால் நீங்கள் சோதித்தது வேறொரு நிரலை. பிழையை விரட்டும்போது ஓ0 உதவும், அங்கேயே குடியிருக்கக் கூடாது. ஜிசிசி கம்பைலரின் 4.8 பதிப்பில் வந்த ஓஜி, டீபக் செய்யும் வேளைக்கு ஓ0-வை விட நல்ல நடுவழி.

அடுத்து, கம்பைலரின் பதிப்பு எண்ணையும், பிழை வந்த கோப்பைக் கம்பைல் செய்த முழுக் கட்டளை வரியையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பில்ட் கருவி உங்களுக்குத் தெரியாமல் என்ன சேர்க்கிறது என்பது அந்த வரியில்தான் தெரியும். சிமேக் என்ற பில்ட் கருவியின் ரிலீஸ் பில்ட் வழக்கமாக ஓ3-உடன் என்டீபக் என்ற மேக்ரோவையும் சேர்த்துவிடும். அது வந்தால் அசெர்ட் என்ற சரிபார்ப்பு வரிகள் எல்லாம் ஆவியாகிவிடும். அசெர்ட்டின் அடைப்புக்குள்ளேயே ஒரு ஃபங்ஷனை அழைத்திருந்தால் அந்த அழைப்பும் சேர்ந்தே போகும். "ஆப்டிமைசேஷன் கெடுத்துவிட்டது" என்று என்னிடம் வந்தவற்றில் கணிசமானவை இந்த மேக்ரோவின் வேலைதான். சோதனைக்கு உங்கள் சொந்தச் சரிபார்ப்பு மேக்ரோவை வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

இரண்டாம் படி: குற்றவாளி யார் என்று பிரியுங்கள்

சந்தேகிக்க வேண்டியவர்கள் மூவர்: டெஸ்ட், சோதிக்கப்படும் நிரல், கம்பைலர். இந்த வரிசையிலேயே சந்தேகியுங்கள். கம்பைலரில் பிழையே இருக்காது என்று சொல்ல மாட்டேன். 2008-இல் வெளியான ஓர் ஆய்வு 13 சி கம்பைலர்களைச் சோதித்து, ஒவ்வொன்றிலும் வொலடைலைத் தவறாகக் கையாளும் இடங்களைக் கண்டுபிடித்தது. ஆனாலும் என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பங்கு எங்கள் பிழைதான்.

சோதிக்கப்படும் நிரலின் பிழையை ஒதுக்க எளிய வழி, வன்பொருளைத் தொடாத பகுதிகளை உங்கள் கணினியிலேயே சானிடைசர்களோடு (ஓடும்போதே தவறுகளைப் பிடித்துச் சொல்லும் வசதிகளோடு) கம்பைல் செய்து ஓட்டுவது: எஃப்சானிடைஸ்=அன்டிஃபைன்ட், எஃப்சானிடைஸ்=அட்ரஸ் இரண்டும். கூடவே எச்சரிக்கைகளை ஓ2-வில் ஓடவிட்டுப் பாருங்கள். மதிப்புக் கொடுக்காமல் படித்த மாறிகளைப் பற்றிய எச்சரிக்கை, ஆப்டிமைசேஷன் இருக்கும்போதுதான் ஜிசிசி-யில் ஒழுங்காக வேலை செய்யும்.

பிறகு மூன்று ஆப்ஷன்களை ஒவ்வொன்றாக ஓ2-உடன் சேர்த்துப் பாருங்கள். எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-அலையாசிங் போட்டதும் சரியாகிறதா? ஒரு வகைப் பொருளை வேறு வகைப் பாயிண்டரால் படிக்கிறீர்கள். ஃப்ளோட்டின் பிட்டுகளை இன்ட் பாயிண்டரால் எட்டிப்பார்ப்பது இதன் வழக்கமான வடிவம். மெம்காப்பியால் நகலெடுத்துப் படியுங்கள்; கம்பைலர் அதை ஒரே கட்டளையாக்கிவிடும், வேகம் குறையாது. எஃப்ரேப்வி போட்டதும் சரியாகிறதா? குறியுள்ள எண் எல்லை தாண்டுகிறது. "ஒன்றைக் கூட்டினால் முன்பிருந்ததைவிடச் சிறியதா" என்று கேட்டு எல்லை மீறலைக் கண்டுபிடிக்கும் சோதனையை, கம்பைலர் "அப்படி நடக்கவே நடக்காது" என்று நீக்கிவிடும். ஜிசிசி-யும் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரும் தரும் பில்டின்-ஆட்-ஓவர்ஃப்ளோ அதற்கான கருவி. எஃப்நோ-டிலீட்-நல்-பாயிண்டர்-செக்ஸ் போட்டதும் சரியாகிறதா? பாயிண்டரைப் பயன்படுத்திவிட்டு அதன் பிறகு அது நல் பாயிண்டரா என்று கேட்டிருக்கிறீர்கள். 2009-இல் லினக்ஸ் கெர்னலின் டன் என்ற நெட்வொர்க் டிரைவரில் இதே வரிசையால் நல் சோதனை நீக்கப்பட்டு, அது பாதுகாப்பு ஓட்டையாகவே ஆனது.

இந்த மூன்றும் நோயைக் காட்டும் ஆப்ஷன்கள். லினக்ஸ் கெர்னல் முதலாவதையும் மூன்றாவதையும் நிரந்தரமாகவே வைத்திருக்கிறது. அது அவர்கள் தெரிந்து எடுத்த முடிவு. நீங்கள் காரணம் தெரியாமல் அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

மூன்றாம் படி: பாதி பாதியாகச் சுருக்குங்கள்

பாதிக் கோப்புகளை ஓ0-விலும் பாதியை ஓ2-விலும் கம்பைல் செய்து இணையுங்கள். பிழை எந்தப் பாதியோடு போகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். 64 கோப்புகள் இருந்தாலும் ஆறு சுற்றில் ஒரே கோப்பில் வந்து நிற்பீர்கள். அந்தக் கோப்புக்குள் ஃபங்ஷனைத் தேட, கிளாங்-கில் ஆப்ட்நன் என்ற அட்ரிபியூட்டும் (ஃபங்ஷனோடு ஒட்டி எழுதும் குறிப்பு) ஜிசிசி-யில் ஆப்டிமைஸ் அட்ரிபியூட்டும் உண்டு. பின்னது டீபக் செய்ய மட்டுமே, விற்கும் நிரலுக்கு ஆகாது என்று ஜிசிசி ஆவணமே சொல்கிறது.

எந்த ஆப்டிமைசேஷன் என்று அறிய, கிளாங்-கின் உள்ளே ஆப்டிமைசேஷன் செய்யும் எல்எல்விஎம்முக்கு ஆப்ட்-பைசெக்ட்-லிமிட் என்று ஓர் எண்ணைக் கொடுக்கலாம்; அத்தனை பாஸ்களோடு (ஆப்டிமைசேஷன் சுற்றுகளோடு) நின்றுவிடும். எண்ணை ஏற்றி இறக்கினால் நிரலைக் கெடுக்கும் பாஸின் பெயரே கிடைக்கும். ஜிசிசி-யில் க்யூ, ஓ2, ஹெல்ப்=ஆப்டிமைசர்ஸ் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் எது இயங்குகிறது என்ற பட்டியல் வரும்; ஒவ்வொன்றாக எஃப்நோ போட்டு அணைக்கலாம். ஓ1-இல் தொடங்கி ஓ2-வின் ஆப்ஷன்களையெல்லாம் சேர்த்துக்கொண்டே போவது மட்டும் உதவாது. எல்லா ஆப்டிமைசேஷனுக்கும் தனி ஆப்ஷன் கிடையாது.

நான்காம் படி: அசெம்பிளியைப் படியுங்கள்

தம்பி இந்த இடத்தில் முகம் சுளித்தான். அசெம்பிளி என்பது சிப் ஓட்டும் கட்டளைகளின் எழுத்து வடிவம். முழுதாகப் படிக்க வேண்டாம். கம்பைலர் தந்த ஆப்ஜெக்ட் கோப்பை ஆப்ஜ்டம்ப் என்ற கருவியால் பிரித்து, உங்கள் டெஸ்ட் ஃபங்ஷனை மட்டும் பாருங்கள். தேட வேண்டியவை சில அடையாளங்களே. படிக்கும் கட்டளை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா? ஆர்ம் சிப்பில் படிக்கும் கட்டளையான எல்டிஆர் எத்தனை என்று எண்ணிவிடலாம். எங்கள் சோதனையில் ஒன்றுகூட இல்லை. தன்னைத் தானே நோக்கித் தாவும் ஒற்றைக் கட்டளை, அதாவது முடிவில்லாத லூப், இருக்கிறதா? பிழை எழுப்புவதற்கென்றே உள்ள யுடிஎஃப், அல்லது எக்ஸ்86-இல் யுடி2, நீங்கள் எழுதாமலே எங்காவது முளைத்திருக்கிறதா? அப்படியானால் அந்த வழி முறையற்றது என்று கம்பைலர் முடிவுகட்டிவிட்டது. ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் கான்ஸ்ட்ப்ராப் என்ற வால் தொங்குகிறதா? மாறாத மதிப்பை வைத்துக் கம்பைலர் தனி நகல் எடுத்திருக்கிறது. சிறு துண்டாக இருந்தால் மேட் காட்பால்ட் தொடங்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரரில் ஒட்டிப் பாருங்கள். ஓ0-வையும் ஓ2-வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போல வேறெதுவும் கற்றுத்தராது.

ஐந்தாம் படி: நோய்க்கேற்ற மருந்து

இங்கேதான் வேலை அதிகம். வொலடைல் என்ற ஒரே மாத்திரையை எல்லாவற்றுக்கும் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பைலருக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. அது என்ன செய்தி என்று கண்டு அதை மட்டும் சொல்ல வேண்டும்.

இன்டரப்ட் (வன்பொருள் நிரலை இடைமறித்து அழைப்பது) வரக் காத்திருக்கும் லூப். டெஸ்ட் ஒரு கொடி மாறி ஏறும்வரை சுற்றுகிறது, இன்டரப்ட் ஹேண்ட்லர் அதை ஏற்றுகிறது. ஓ2-வில் ஒருமுறை படித்துவிட்டு முடிவில்லாமல் சுற்றும். மாறியை வொலடைல் ஆக்குங்கள். லினக்ஸ் போன்ற தளத்தில் சிக்னல் ஹேண்ட்லர் என்றால் வொலடைல் சிக்-அடாமிக்-டி. இரண்டு திரெட்களுக்கு (ஒரே நிரலில் இணையாக ஓடும் பகுதிகளுக்கு) இடையே என்றால் வொலடைல் போதாது, அடாமிக் வேண்டும். எம்4-இல் 64 பிட் எண் ஒன்றை வொலடைல் ஆக்கி நிம்மதியாக இருக்காதீர்கள்: இரு பாதியாகப் படிக்கும்போது நடுவில் இன்டரப்ட் புகுந்தால் பாதி பழசு, பாதி புதுசு.

நினைவகச் சோதனை. பாயிண்டர் சுட்டும் பொருள் வொலடைலாக இருக்க வேண்டும், பாயிண்டர் அல்ல. நட்சத்திரக் குறிக்கு இடப்பக்கம் வொலடைல் வந்தால் பொருள், வலப்பக்கம் வந்தால் பாயிண்டர். இந்த இடமாற்றம் கண்ணுக்குத் தப்பும். ஆனால் இதைத் திருத்தியதும் வேலை முடிந்தது என்று நினைத்தோம் பாருங்கள், அங்கே இன்னொரு பாடம் காத்திருந்தது. சால்டர் படாத அந்த டேட்டா காலுக்கான தடத்தில், எழுதியவுடன் படித்தால் தடத்தின் மின்தேக்கத்தால் எழுதிய மதிப்பே திரும்பி வரலாம். சிப்பே இல்லாத பலகைகூடப் பாஸ் ஆகும்! ஆகவே எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவில் வேறு முகவரியில் வேறு மதிப்பை எழுத வேண்டும்.

இப்போது எங்கள் சோதனை மூன்று கட்டமாக ஓடுகிறது. முதலில் ஒரே முகவரியில் ஒற்றை 1-ஐ ஒவ்வொரு பிட்டாக நகர்த்தி, இடையில் பக்கத்து முகவரியில் தலைகீழை எழுதி, டேட்டா தடங்களைப் பார்க்கிறோம். பிறகு இரண்டின் அடுக்குகளாக வரும் முகவரிகளில் மட்டும் எழுதி, ஒன்றில் எழுதியது இன்னொன்றில் தெரிகிறதா என்று பார்த்து முகவரித் தடங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று அறிகிறோம். கடைசியில் முகவரிக்கு முகவரி மாறும் மதிப்பை முழு நினைவகத்திலும் எழுதி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்து, தலைகீழாக்கி, மறுபடியும் படிக்கிறோம். எம்4-இல் டேட்டா கேஷ், அதாவது நினைவகத்தின் நகலைச் சிப்புக்குள்ளேயே வைக்கும் இடம், இல்லை. எம்7-க்குப் போனால் கேஷை அணைத்துவிட்டுச் சோதியுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது கேஷைத்தான். வொலடைல் கம்பைலரோடு பேசும் மொழி, கேஷுக்கு அது கேட்காது.

வேண்டுமென்றே பிழை எழுப்பும் சோதனைகள். பிழை வந்தால் ஓடும் ஃபால்ட் ஹேண்ட்லர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க நல் பாயிண்டரைத் தொடுவது வழக்கம். கிளாங் அந்தத் தொடுதலையே நீக்கிவிடக்கூடும். ஜிசிசி ஓ2-வில் அந்த வழியைப் பிரித்தெடுத்து ஒரு டிராப் கட்டளையை வைக்கும். விளைவு வேடிக்கை: ஃபால்ட் வரும், டெஸ்ட் பாஸ் ஆகும், ஆனால் வந்தது தவறான முகவரியால் அல்ல, கம்பைலர் வைத்த யுடிஎஃப்-ஆல். இதைவிட வேடிக்கை, எம்4-இல் முகவரி சுழியத்தில் வழக்கமாக வெக்டர் அட்டவணை (ஹேண்ட்லர்களின் முகவரிப் பட்டியல்) இருக்கிறது. எம்பியு என்ற நினைவகக் காவல் இல்லாமல் அங்கே படித்தால் பிழையே வராது. ஆகவே எதுவும் இல்லாத முகவரி ஒன்றை வொலடைல் பாயிண்டரால் தொடுங்கள். ஹேண்ட்லருக்குள், பிழையின் காரணத்தைக் குறித்துவைக்கும் சிஎஃப்எஸ்ஆர் ரெஜிஸ்டரைப் படித்து, எதிர்பார்த்த காரணத்தின் பிட்தான் ஏறியிருக்கிறதா என்றும் சரிபாருங்கள். 16-ஆவது பிட் ஏறியிருந்தால் அது தெரியாத கட்டளையால் வந்த பிழை.

சுழியத்தால் வகுப்பதும் இப்படியே. விடையை யாரும் பயன்படுத்தாவிட்டால் வகுத்தலே போய்விடும். வகுக்கும் எண்ணை வொலடைல் மாறியிலிருந்து எடுத்து, விடையை வொலடைல் மாறியில் போடுங்கள். எம்4-இல் சிசிஆர் ரெஜிஸ்டரில் அதற்கான டிராப் பிட்டை ஏற்றாவிட்டால் விடை சுழியமாக வந்து அமைதியாக நகர்ந்துவிடும். கம்பைலரைத் திட்டிக்கொண்டு அரை நாள் போகும்.

ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகம்) நிரம்பும் சோதனைக்குத் தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷன் எழுதினால், ஓ2-வில் கடைசி அழைப்பு தாவலாக மாறி ஸ்டாக் வளராமல் சுற்றும். உள்ளே வொலடைல் அரே ஒன்றை வையுங்கள், அழைப்பு திரும்பிய பிறகு அந்த அரேயிலிருந்து ஓர் எண்ணை விடையோடு கூட்டுங்கள், ஃபங்ஷனை நோஇன்லைன் (அழைத்த இடத்திலேயே விரித்துப் போடாதே) ஆக்குங்கள். லினக்ஸ் கெர்னலைத் திட்டமிட்டு உடைத்துப் பார்க்கும் எல்கேடிடிஎம் என்ற பகுதியிலும் வொலடைல் அரே, நோஇன்லைன் இரண்டையும் காணலாம்.

கையால் எழுதிய அசெம்பிளி. எங்களைப் பாடாய்ப் படுத்தியது இதுதான். ஆயிரம் முறை டாஸ்க் மாற்றும் டெஸ்ட் ஒன்று ஓ0-வில் ஆயிரம் முறை ஓடியது, ஓ2-வில் மூன்று முறையிலேயே முடிந்தது. ஆர்ம் அழைப்பு விதிப்படி, அழைக்கப்பட்ட ஃபங்ஷன் ஆர்4 முதல் ஆர்11 வரையான ரெஜிஸ்டர்களை வாங்கியபடியே திருப்பித்தர வேண்டும். எஃப்பியு (தசம எண் கணக்குப் பகுதி) இருந்தால் எஸ்16 முதல் எஸ்31 வரையும். எங்கள் அசெம்பிளி ஆர்4-ஐக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஓ0-வில் லூப் எண்ணிக்கை ஸ்டாக்கில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஓ2 அதை ஆர்4-இல் வைத்தது. பிழை எப்போதும் அங்கேயேதான் இருந்தது.

இதற்கு ஒரு தனி டெஸ்ட் எழுதினோம். ஆர்4 முதல் ஆர்11 வரை தெரிந்த எண்களை நிரப்பி, சந்தேகத்துக்குரிய ஃபங்ஷனை அழைத்து, திரும்பியதும் எண்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்க்கும் சிறிய அசெம்பிளி உறை. அந்த உறை முதலில் பழைய மதிப்புகளைச் சேமித்து, கடைசியில் திருப்பி வைக்க வேண்டும். இல்லையென்றால் உறையே அடுத்த குற்றவாளி. எக்ஸ்86-64 லினக்ஸில் அதே வேலைக்கு ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை. அங்கே ஸ்டாக் 16 பைட் வரிசையில் இல்லாமல் அழைத்தாலும் ஓ0-வில் ஓடிவிடலாம்; ஓ2 வெக்டர் கட்டளை ஒன்றை வைத்ததும் சாய்ந்துவிடும். இன்லைன் அசெம்பிளிக்குள் புஷ், பாப் செய்பவர்கள் ஸ்டாக் முனைக்குக் கீழே கம்பைலர் தற்காலிகமாகப் பயன்படுத்தும் 128 பைட் ரெட் ஸோனை மிதிக்கிறோமா என்றும் பார்க்க வேண்டும்.

இன்லைன் அசெம்பிளியில் தொட்டது எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும்: படித்தவை, எழுதியவை, கெடுத்த ரெஜிஸ்டர்கள், நினைவகத்தைத் தொட்டால் மெமரி என்ற சொல். வெளியீடு உள்ள அசெம்பிளியை அந்த வெளியீட்டை யாரும் பயன்படுத்தாவிட்டால் கம்பைலர் நீக்கலாம். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றாக்கலாம். வொலடைல் போடாமல் சைக்கிள் கவுன்டரை இரண்டு முறை படித்து வித்தியாசம் சுழியம் என்று காட்டிய டெஸ்ட்டை நானே எழுதியிருக்கிறேன். சில மாதம் அதை வேகம் என்று நம்பினேன்.

நேரம் அளக்கும் சோதனைகள். வெற்று லூப்பால் தாமதம் உண்டாக்கினால் அது மறைந்துவிடும். எம்4-இல் டிடபிள்யூடி சைக்கிள் கவுன்டரையோ டைமரையோ பார்த்துக் காத்திருங்கள். அளக்கப்படும் கணக்கின் விடை எங்கும் போகாவிட்டால் கணக்கே மறையும். விடையை வொலடைல் என்று குறித்த வெற்று அசெம்பிளி ஒன்றின் வழியே விடுங்கள்: உள்ளே கட்டளை ஏதும் இல்லை, ஆனால் "இந்த ரெஜிஸ்டரைப் படிப்பேன், மாற்றவும் செய்வேன்" என்று பிளஸ்-ஆர் அறிவிப்பு மட்டும் உண்டு. கம்பைலர் விடையைக் கணக்கிட்டே தீர வேண்டும். உள்ளீட்டையும் இதே வழியே விடுங்கள், இல்லையேல் கம்பைல் வேளையிலேயே கணக்கு முடிந்துவிடும். லினக்ஸ் கெர்னலில் இதற்கு ஆப்டிமைசர்-ஹைட்-வார் என்ற மேக்ரோ, கூகுள் பெஞ்ச்மார்க்கில் டூநாட்ஆப்டிமைஸ், ரஸ்டில் 1.66 பதிப்பிலிருந்து நிலைபெற்ற பிளாக்-பாக்ஸ். தன் வழியே போகும் மதிப்பைத் தவிர வேறு எதையும் தடுக்காது என்பதால் எனக்கு வொலடைல் மாறியைவிட இதுவே பிடித்த கருவி.

செட்ஜம்ப், லாங்ஜம்ப். முன்னது நிரலில் ஓர் இடத்தைக் குறித்துவைக்கும், பின்னது அங்கே திரும்பத் தாவும். நீங்கள் நேரடியாகப் பயன்படுத்தாவிட்டாலும் யூனிட்டி, சிமாக்கா போன்ற டெஸ்ட் சட்டகங்கள் உள்ளே பயன்படுத்துகின்றன. செட்ஜம்ப்புக்குப் பிறகு மாற்றிய உள்ளூர் மாறி வொலடைல் இல்லையென்றால், லாங்ஜம்ப் திரும்பியதும் அதன் மதிப்புக்கு உத்தரவாதம் இல்லை.

சொந்த நூலகச் சோதனைகளில் இரண்டு குழிகள். நீங்களே எழுதிய மெம்செட்டுக்குள் இருக்கும் லூப்பைக் கண்டு, "இது மெம்செட் ஆயிற்றே" என்று கம்பைலர் மெம்செட்டையே அழைக்கும்படி மாற்றினால், அது தன்னைத் தானே அழைத்துக்கொண்டு மாயும். ஜிசிசி-யில் ஃப்ரீஸ்டாண்டிங் ஆப்ஷன் இதைத் தடுக்காது. அந்தக் கோப்புக்கு மட்டும் எஃப்நோ-ட்ரீ-லூப்-டிஸ்ட்ரிபியூட்-பேட்டர்ன்ஸ் போடுங்கள். இரண்டாவது, மிகப் பெரிய அளவு நினைவகத்தை மேலாக் என்ற ஃபங்ஷனிடம் கேட்டு நல் வருகிறதா என்று பார்க்கும் சோதனை. மேலாக், ஃப்ரீ இரண்டையும் நீக்கிவிட்டு "நல் வரவில்லை" என்று கிளாங் முடிவுகட்டலாம். அந்தப் பாயிண்டரையும் வெற்று அசெம்பிளியின் வழியே விட்டால் சரி.

டெஸ்ட் ஃபங்ஷன்களைத் தனிச் செக்ஷனில் பதிவுசெய்து தானாக ஓட்டுபவர்கள், ஓடிய எண்ணிக்கையைக் கட்டாயம் பாருங்கள். ஜிசி-செக்ஷன்ஸ் போட்டால் யாரும் அழைக்காத டெஸ்ட்களை, கோப்புகளை இணைக்கும் லிங்கர் வெட்டிவிடும். யூஸ்ட் அட்ரிபியூட் கம்பைலரைத்தான் தடுக்கும். லிங்கர் ஸ்கிரிப்ட்டில் கீப் எழுதினால் லிங்கர் அவற்றை விட்டுவைக்கும்.

ஆறாம் படி: டெஸ்ட்டையே சோதியுங்கள்

திருத்தியாயிற்று, ஓ2-வில் பாஸ் ஆகிறது. எங்கள் பழைய சோதனையும் பாஸ்தான் ஆனது! ஒவ்வொரு கீழ்மட்டச் சோதனையையும் அது பிடிக்க வேண்டிய கோளாறோடு ஒருமுறையாவது ஓட்டி, ஓ2-வில் ஃபெயில் ஆகிறதா என்று பாருங்கள். ஆர்4-ஐச் சேமிக்கும் வரியை நீக்கி ஓட்டுங்கள். ஹேண்ட்லரை அணைத்து ஓட்டுங்கள். நினைவகச் சோதனைக்கு எங்களிடம் அந்த ஃப்ளாக் பலகையே இருக்கிறது. அதைச் சரிசெய்யவே இல்லை. காலைச் சற்று தூக்கி, சிவப்பு நாடா ஒட்டி என் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் நல்ல மனதோடு அதைச் சால்டர் செய்துவிடப் பார்த்தார். இப்போது நாடாவின் மேல் "தொடாதே" என்று தமிழிலும் கிரியோலிலும் எழுதியிருக்கிறது.

ஏழாம் படி: திரும்ப வராமல் பார்த்துக்கொள்வது

எங்கள் பில்ட் சர்வர் ஒவ்வொரு இரவும் அதே டெஸ்ட்களை ஓ0, ஓ2, ஓஎஸ் (நிரலின் அளவைக் குறைப்பது), ஓ2-உடன் எல்டிஓ (கோப்புகளை இணைக்கும்போதும் ஆப்டிமைசேஷன்) என்று நான்கு விதமாக, ஜிசிசி, கிளாங் இரண்டிலும் கம்பைல் செய்கிறது. எல்டிஓ-வை விடாதீர்கள்: வேறு கோப்பில் இருப்பதால் கம்பைலருக்குத் தெரியாது என்று நம்பி எழுதிய தந்திரங்களெல்லாம் அதில் வெளுத்துவிடும். ஜிசிசி 8-இலிருந்து கிடைக்கும் நோஐபிஏ அட்ரிபியூட், ஃபங்ஷனின் உள்விவரத்தை அழைப்பவரிடமிருந்து மறைக்கும். எல்டிஓ-வில் அது தேவைப்பட்ட இடங்கள் எங்களுக்கு இரண்டு.

பில்ட் முடிந்ததும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் ஆப்ஜ்டம்ப்பை ஓட்டி, நினைவகச் சோதனைக்குள் எல்டிஆர் இருக்கிறதா, மெம்செட் அழைப்பு இல்லையா, ஓடிய டெஸ்ட்களின் எண்ணிக்கை நேற்றைய எண்ணிக்கைக்குக் குறையவில்லையா என்று பார்க்கிறது. 20 வரிகூட இல்லை. தம்பிதான் எழுதினான். கம்பைலரின் புதிய பதிப்புக்கு மாறிய வாரத்தில் அது ஒருமுறை சிவப்பு காட்டியது. வொலடைல் நட்சத்திரத்தின் தப்பான பக்கத்தில் இருந்த இன்னொரு பாயிண்டர், இந்தமுறை நான் எழுதியது.